ஓடைத் தண்ணீரில் ஓடிய வயர்லெஸ்

மரம் வெட்டும் கேம்ப்பை விட்டு இரண்டு மணி நேரம் நடந்திருப்பேன். செருப்பு கையில், அட்டைகள் காலில், மழை எல்லா இடத்திலும். மரம் அறுக்கும் மெஷினின் பெல்ட்டில் சிக்கி இரண்டு நகம் போயிருந்தது. அது பரவாயில்லை. பெல்ட்டைக் கெடுத்துவிட்டேன் என்று மேஸ்திரி திட்டினான் பாருங்கள்... அதற்குத்தான் கிளம்பிவிட்டேன்.

வட அந்தமானின் திக்லிபூர் துறைக்குப் போய், போர்ட் பிளேர் கப்பலைப் பிடிப்பது திட்டம். கடல் கொந்தளிப்பில் கப்பலே வரவில்லை என்பது வழியில் இருந்த வயர்லெஸ் ஆபீசில்தான் தெரிந்தது. ஆபீஸ் என்றால்? ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆபரேட்டர். திருநெல்வேலிக்காரர், செல்லையா அண்ணன். கப்பல் இல்லாததால் டீசல் இல்லை. டீசல் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடாமல் வயர்லெஸ் பேட்டரி செத்துக் கிடந்தது.

வாசலில் ஹரிபதா உட்கார்ந்திருந்தார். வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி. மனைவி பிரசவத்துக்காகப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இதுவாவது? சேதிக்காக நாலு நாளாக மனிதர் இந்த வாசலிலேயே இருக்கிறார்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. பின்னால் ஓடையில் பலகைச் சக்கரம் ஒன்று இறக்கி, பழைய லாரி டைனமோவைப் பெல்ட்டால் அதோடு இணைத்திருந்தார். கப்பலை நிறுத்திய அதே மழை, சக்கரத்தை ஜோராகச் சுற்றியது. மீட்டர் முள்தான் அசையவில்லை.

"அண்ணே, டைனமோ எதிர்ப்பக்கமா சுத்துது."

"அதுக்கென்னலே செய்ய? ஓடையை மலை மேல ஏறச் சொல்லவா?"

"பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே போடுங்க."

போட்டோம். முள் துள்ளி எழுந்தது!

சாயங்காலம் வரை சார்ஜ் ஏறியது. அண்ணன் போர்ட் பிளேரைக் கூப்பிட்டார். பதில் வந்தது. பெண் குழந்தை என்று பென்சிலால் எழுதினார். அடுத்து 'தாய்' என்று எழுதும்போதே சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது.

தாய்க்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள் என்று அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார் ஹரிபதா. "மா? மா க்யா, பாபு? போலோ நா!"

நான் பின்பக்கம் ஓடினேன். சக்கரம் முழுக்க இலை. மழை அடித்துக்கொண்டு வந்த காட்டுக் குப்பை அத்தனையும் அங்கே அடைத்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தேன்... இழுத்தேன்... சக்கரம் முனகியது, பிறகு சுற்றியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அண்ணன் குரல்: "ரெண்டு உசிரும் டீக் ஹைலே! பஹுத் டீக்!"

ஹரிபதா ஓடிவந்து அப்படியே ஓடைக்குள் குதித்தார். என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். சேற்றுத் தண்ணீரை அவ்வளவு சந்தோஷமாக நான் குடித்ததே இல்லை.

இப்போது டெலிபோன் கம்பெனிகள் டவருக்கு டவர் சோலார் தகடு மாட்டிவிட்டு, பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கின்றன. கொடுக்கட்டும், நல்ல காரியம்தானே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் — மேலே விழும் இலையை யார் எடுக்கிறார்கள்?

மறுநாள் காலை நான் திக்லிபூருக்குக் கிளம்பவில்லை. அண்ணன் ஒரு மூங்கில் கழியை என் கையில் கொடுத்து, ஓடையைக் காட்டினார். சக்கரத்தில் இலை சேராமல் தள்ளிவிடும் வேலை.

அந்தமான் மழைக்காலத்தில் அதைவிட நிரந்தரமான உத்தியோகம் உண்டா, சொல்லுங்கள்!