என் ஈரலில் சாயம் ஏறாத இடம்

கல்லீரலில் கட்டி இருக்கிறது என்று சொன்னபோது எனக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது அதைப் பார்க்கவேண்டும் என்கிற ஆசைதான். கொஞ்ச நாளாகக் குனிந்தால் வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருந்தது. கேட்டவர்களெல்லாம் கேஸ் என்றார்கள். எங்கள் ஊரில் முதுகு வலித்தாலும் கேஸ்தான், தலை சுற்றினாலும் கேஸ்தான். ஓமத்தண்ணீர் குடித்துக் குடித்து வெறுத்துப்போய்த்தான் ஸ்கேன் எடுக்கப் போனேன். பேசிக்கொண்டே வயிற்றில் கருவியைத் தேய்த்த டாக்டரம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"ஏனுங்க, ஏதாச்சும் இருக்குதுங்களா? அந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்றேன்.

சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை தெரிந்தது. சாத்துக்குடி அளவு இருக்கும் என்றார். இத்தனை பெரிய பொருளை வைத்துக்கொண்டு வீடு இருக்கிற மண்ணரையிலிருந்து நெருப்பெரிச்சல் என்கிற ஊர் வரைக்கும் தினமும் வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர்.

கோயம்புத்தூரில் கல்லீரல் டாக்டர் ஒருவரிடம் போனோம். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நல்ல ஈரல் அந்த மருந்தை உறிஞ்சி வெளுப்பாகத் தெரியுமாம். என் ஈரலும் அப்படித்தான் தெரிந்தது, கட்டி இருந்த இடத்தைத் தவிர. அது மட்டும் கறுப்பாகவே நின்றது. சாயம் ஏறாத துணியை டையிங்கிலிருந்து வந்த ரோலில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பார்த்ததும் ஏன் ஏறவில்லை என்று கேட்காமல் விட்டதில்லை. இதையும் விடவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, சாதாரணக் கட்டிதான், ஆனால் அபூர்வமாக வருவது. இந்த அளவுக்கு வளர்ந்தால் உள்ளேயே உடைந்து ரத்தம் கொட்டலாம். பெரும்பாலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு வரும்.

"நீங்க சாப்பிடறீங்களா?"

"ஆபரேஷனே பண்ணியாச்சுங்க சார், ரெண்டாவது குழந்தையோட" என்றேன்.

"வேற மாத்திரை ஏதாவது?"

"தலைவலிக்குக் கூடப் போட மாட்டாளுங்க" என்றார் என் வீட்டுக்காரர், அதில் ஏதோ பெருமை இருப்பதுபோல.

அப்படியானால் ஏன் வந்தது என்று தெரியவில்லை, வெட்டி எடுப்பதுதான் நல்லது என்று தேதி கொடுத்தார். ஈரலில் ஒரு துண்டு போகும். மிச்சம் வளர்ந்துகொள்ளும் என்றார். அது எப்படி வளரும் என்று நான் கேட்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் அழுதாள். எங்கள் வீட்டை ஒட்டியே அவள் வீடு. அவளும் பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் மனைவிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முறை.

"ஆத்தாளுக்கு நேந்து வுட்டுட்டனுங்க நங்கை. கத்தி படாம இந்தக் கட்டி கரைஞ்சுதுன்னா நோம்பிக்கு நீங்க பூவோடு எடுக்கோணும்."

கோயில் திருவிழாவை நோம்பி என்போம், தீச்சட்டியைப் பூவோடு என்போம். அதை நான் எடுக்கவேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டால் எப்படி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் அழுகையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"கடைசியா எப்பக்கா தலைக்கு ஊத்துனீங்க?"

"போன ஷிப்மெண்ட் போனதுக்கப்புறம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின ஷிப்மெண்டுக்கு."

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "ஷிப்மெண்டுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

இதுகூடவா தெரியாது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சரக்கு போகிற நேரத்தில் லைனை விட்டு யார் நகர முடியும்? மாதாமாதம் வருகிற நாளைத் தள்ளிப்போடுகிற அட்டை மெடிக்கலில் கிடைக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஷிப்மெண்ட், கல்யாணம், நோம்பி எல்லாவற்றுக்கும் அதுதான். என் ஹேண்ட்பேக்கில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதாம்மா கருத்தடை மாத்திரை. எத்தனை வருஷமா?"

பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து. அவன் இப்போது காலேஜ் போகிறான்.

"அந்தக் கட்டிக்குச் சோறு போட்டதே இதுதான். சோத்தை நிறுத்திப் பாப்போம். ஆறு மாசத்துல சுருங்குச்சுன்னா கத்தி வேண்டாம். சுருங்கலேன்னா வெட்டித்தான் ஆகணும். நடுவுல திடீர்னு வலிச்சா உடனே ஓடி வரணும்."

போட்டிருந்த ஆஸ்பத்திரி கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். எனக்குக் கோபமும் வந்தது, வியப்பும் வந்தது. நான் மாத்திரை என்றே கணக்கில் வைக்காத ஒன்றுக்கு ஈரல் இத்தனை வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறது. அதன்பின் என் நாள் ஷிப்மெண்டைக் கேட்காமல் வந்தது. சரக்கு ஏற்றுகிற அன்றே வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் காலையில் விலாவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சாத்துக்குடி எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. "மாத்திரை பக்கம் போகாத வரைக்கும் கத்தி வேண்டாம். ஒண்ணே ஒண்ணுகூடக் கூடாது" என்றார் டாக்டர். அந்த அறையிலேயே நான் அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாரியம்மன் நோம்பிக்கு நாள் குறித்துச் சாட்டினார்கள். பூவோடு எடுக்கிற நாளும் என் நாளும் ஒன்றாக வந்து நின்றன. நாத்தனார் சேலை முந்தானையில் ஒரு அட்டையை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு வாரந்தானுங்க நங்கை. நேந்ததைச் செய்யலீன்னா சாமி குத்தமாயிரும்."

"கரைச்ச சாமிக்கே மறுபடி கட்டியை வளர்த்துக் காட்டச் சொல்றியா?" என்று கத்திவிட்டேன். ஆத்தாள் மேல் எனக்கும் பயம் உண்டு. கடைசியில், நேர்ந்தவளே எடுத்தால் போதும் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று பார்த்தேன். மஞ்சள் சேலையில் தெரு நிறையப் பெண்கள், கையில் நெருப்பு. பாதிப்பேர் கம்பெனிக்காரிகள். இத்தனை பேருக்கும் நாள் எப்படி இத்தனை ஒழுங்காக ஒத்துவந்தது என்று ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்கத் தோன்றியது. நடுவில் நாத்தனார் வந்தாள். அவள் நாளுக்கும் என் நாளுக்கும் மூன்று நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்ததில்லை.

சட்டியை இறக்கிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன்.

"உனக்கும் இந்த வாரந்தானே கண்ணு?"

அவள் மோரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஸ்கேன் எங்கீங்க நங்கை எடுத்தீங்க?"