லிஃப்டிலிருந்து இறங்கியவர்

மகள் மேற்படிப்புக்காக வேறொரு நாட்டுக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டாவது மாடியில் லிஃப்ட் வீறிட்டுக் கத்தியது. பாரம் அதிகம். யாராவது ஒருவர் இறங்கினால்தான் நகரும்.

உள்ளே மகள், அவள் அம்மா, அம்மாவின் அண்ணன், அவர் மனைவி, கல்லாய்க் கனக்கும் மூன்று பெட்டிகள். பொத்தான்களை ஒட்டிச் சுவரோடு சுவராக அப்பா. கடல் தாண்டி இந்த ஊரில் குடியேறிய நாள்முதல் அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சொந்தக்காரர்களுக்கு அவர் 'லிஃப்ட்காரர்'. பாரம் மிஞ்சினால் கத்தும் அந்த மணியைப் போன வாரம் சரிசெய்தவரும் அவர்தான்.

"மாப்ளே, உங்க ஆளுதானே? கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க," என்றார் மச்சான்.

"அது யார் சொன்னாலும் கேக்காது மச்சான். ஒருத்தர் இறங்கணும்."

அவ்வளவுதான், குடும்பமே சாஸ்திரம் பேச ஆரம்பித்தது. "பயணம் கிளம்பின காலைப் பின்னால வைக்கக் கூடாது," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள் அம்மா. "வழியனுப்புற பெத்தவளும் வைக்கக் கூடாது," என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள். தாய்மாமன் இல்லாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று கேட்டார் மச்சான். அவர் மனைவிக்கு அந்த நொடியில் முழங்கால் வலித்தது. பெட்டியை இறக்கலாமே என்றாள் மகள். நெற்றியோடு பெட்டிக்கும் திருநீறு பூசியாயிற்று, இனி அதுவும் பயணிதான் என்று தீர்ப்பு வந்தது.

லிஃப்ட்காரர் இறங்கினார். மணி வாயை மூடியது. கதவு சாத்திக்கொண்டது.

படிகளில் விழுந்தடித்து ஓடி அவர் வாசலுக்கு வந்தபோது டாக்ஸி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே வண்டியை நிறுத்தவிடவில்லை என்று பிறகு சொன்னார்கள். பெற்ற மகளிடம் 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு நான் போனதே உறைக்கவில்லை என்று நினைத்திருப்பாளோ? அந்தக் கேள்வி அவரை அரித்தது. வாராவாரம் ஃபோன் வந்தது. அம்மா பேசி முடித்து அவர் கைக்கு வரும்போது 'சாப்டியா' மட்டும்தான் மிச்சமிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, மகள் எழுதிய சிறுகதை ஒரு பத்திரிகையின் இணையதளத்தில் வந்தது. மச்சானும் மனைவியும் ஓடி வந்தார்கள். முதல் பத்தி மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்கச் சந்தா கட்டவேண்டுமாம்.

"நம்ம கதையை நாமளே காசு குடுத்துப் படிக்கணுமா?" என்றார் மச்சான்.

ஆக, ஒற்றைப் பத்தியை வைத்தே விசாரணை நடந்தது. லிஃப்ட்காரர் உரக்க வாசித்தார்: "லிஃப்ட் கத்தியது. என் குடும்பத்தில் யாருக்கும் இறங்கிப்போகும் பழக்கம் கிடையாது. அம்மாவிடம் சாஸ்திரம் இருந்தது. மாமாவிடம் உரிமை இருந்தது. அத்தையிடம் முழங்கால் இருந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் இறங்கினார்."

"எடுத்த எடுப்பிலேயே மானத்தைக் கப்பலேத்திட்டா பாருங்க!" என்றாள் அம்மா. "திருநீறு பூசி அனுப்பினவ நானு. அதுக்கு ஒரு வரி உண்டா?"

"உரிமைன்னா சும்மாவா? தாய்மாமன்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் மச்சான்.

"அன்னைக்கு நெஜமாவே வலிச்சுதுன்னு யாராவது எழுதிப் போடுங்களேன்," என்றாள் அத்தை.

அவர்கள் பேசப் பேச, அந்தப் பத்தியில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது.

லிஃப்ட்காரர் மட்டும் கடைசி வரியிலேயே நின்றுவிட்டார். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் போட்டுப் பழுது சொல்கிறவருக்கு அது பாராட்டா மனத்தாங்கலா என்று பிடிபடவில்லை. எல்லோரும் போனபின் சந்தா கட்டலாம் என்று விரலைக் கொண்டுபோனார். உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறாளோ என்ற பயத்தில் விரலை இழுத்துக்கொண்டார். அதற்குப் பதில் மகளுக்கு ஒரு செய்தி தட்டினார்: "படிச்சேன்மா. அன்னைக்கு வாசலுக்கு ஓடி வந்தேன். டாக்ஸி போயிடுச்சு."

அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் ஃபோனில் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் 'சாப்டியா'வைத் தாண்டவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஏதோ ஓர் அலுவலகத்தில், லிஃப்டின் கூரைமேல் குந்தி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். மகளிடமிருந்து செய்தி.

"சனிக்கிழமை காலைல வந்து இறங்குறேன்பா. அம்மாகிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொல்லி வச்சிருக்கேன். ஏர்போர்ட்டுக்கு நீங்க மட்டும் வாங்க."