உரியும் கன்னமும் ஆடிக்கு முந்தைய ஞாயிறும்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு நான் "சரிங்க" என்று சொன்னேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

போனில் பேசியது என் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனின் அம்மா. ஸ்ரீரங்கத்துக்காரர். கல்யாணம் ஆவணிக் கடைசியில், அதற்கு இரண்டு நாள் முன்பு பூ வைக்கும் சடங்கு என்று பேசி முடித்திருந்தோம். "சம்பந்தி, அடுத்த வாரம் ஆடி பொறக்குது. பூ வைக்கிறத மட்டும் இந்த ஞாயித்துக்கிழமையே முடிச்சிடலாமா? நாங்க ஒரு இருவது பேர் வந்து பூ வச்சு, சந்தனம் பூசிட்டுக் கெளம்பிடுவோம்" என்றார். நான் அப்போது தொழிற்சாலையில், பக்கத்தில் கிரேன் ஓடுகிற சத்தத்தில் நின்றிருந்தேன். பெண்ணைப் பெற்றவன் வாயில் முதலில் வருகிற வார்த்தை எதுவோ அது வந்துவிட்டது.

போனை வைத்த பிறகுதான் மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அவள் முகத்துக்கு கெமிக்கல் பீல் செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது முகவாயில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

பீல் என்றால் என்னவென்று நானும் இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரி நாட்களில் வந்த பருக்கள் போய்விட்டன, அவற்றின் கறுப்புத் தழும்புகள் கன்னத்திலேயே தங்கிவிட்டன. பீல் செய்தது பையனுக்காக அல்ல. அவன் அந்தத் தழும்புகளோடுதான் அவளைப் பார்த்தான், பிடித்திருக்கிறது என்றான். "எனக்காகப்பா. கண்ணாடியில மொதல்ல அதுதான் தெரியுது" என்றாள் மகள். தோல் மருத்துவர் முகத்தில் லேசான ஆசிட் தடவி, சில நிமிடம் வைத்து எடுப்பார். மேல் தோல் சில நாளில் மெல்ல உரிந்து, புதுத் தோல் வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஆசிட் என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இருபத்தைந்து வருடமாகக் குழாய்களைப் பரிசோதிக்கிறவன் நான். செதில் படிந்த இரும்புக் குழாயை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்போம். நேரம் கூடினால் செதிலோடு குழாயையும் அது தின்றுவிடும். அதனால் தில்லை நகரில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும், மகளை முந்திக்கொண்டு கேட்டேன். "எத்தனை பர்சன்ட்? எத்தனை நிமிஷம்? முடிஞ்சதும் எத ஊத்தி முறிப்பீங்க?"

"சார் கெமிஸ்ட்ரி வாத்தியாரா?"

"இல்லீங்க, பாய்லர் குழாய்."

"உங்க பொண்ணு குழாய் இல்ல சார். கொஞ்சம் அவங்களப் பேச விடுறீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் டாக்டர் என் கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொன்னார், பிறகு தன் பங்குக்கு இரு மடங்கு கேள்வி கேட்டார். பருவுக்கு மாத்திரை சாப்பிட்டாயா, எப்போது நிறுத்தினாய்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் ஏதாவது தடவுகிறாயா? உதட்டோரம் கொப்புளம் வந்ததுண்டா? அடிபட்டால் அந்த இடம் கறுத்துப்போய் நிற்குமா? நம்முடைய மாநிறத் தோலுக்கு ரொம்ப வலுவான ஆசிட் ஆகாது, பேராசைப்பட்டால் இருக்கிற தழும்பைவிடப் பெரிய கறுப்பு வந்து சேரும் என்றார். முதலில் ஒரு மாதம் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார். பீலுக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து பிளீச், த்ரெடிங், ஸ்கிரப் எதுவும் கூடாது, எலுமிச்சையைத் தேய்க்கக் கூடாது என்றார். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகே முகம்.

அந்த மாதம் முழுக்க எங்கள் காட்டூர் வீட்டில் நான்தான் காவல். மகள் வண்டியை எடுக்கும்போது "சன்ஸ்கிரீன்?" என்பேன். மனைவி தயிரில் கடலை மாவு கலந்தால் கிண்ணத்தைத் தூக்கி ஒளித்து வைப்பேன்.

"பொண்ணு மூஞ்சிக்கும் இன்ஸ்பெக்‌ஷனா? எம் மூஞ்சிய இத்தன வருஷத்துல ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்றாள் மனைவி. நான் கிண்ணத்தை அலமாரியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

புதன்கிழமை காரியம் சுலபமாக முடிந்தது. கண்ணுக்குப் பஞ்சு, முகத்துக்கு ஒரு தூரிகை, எதிரே சின்ன மின்விசிறி. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எதையோ தடவி முறித்துக் கழுவிவிட்டார்கள். "மூணாவது நாள்லேர்ந்து உரியும். தானா விழணும். கையால பிச்சா கறுத்துடும். வெயில் வேண்டாம், மேக்கப் வேண்டாம், மஞ்சள் சந்தனம் எதுவுமே வேண்டாம். ஒரு வாரம் முகத்த அது பாட்டுக்கு விட்டுடுங்க" என்றார் டாக்டர். கல்யாணத்துக்குத்தான் ஏகப்பட்ட நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருகிறார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணும் சந்தனத்தைத் தொட்டு, மகளின் இரண்டு கன்னத்திலும் அழுத்தித் தடவுவாள். நாம் வேண்டாம் என்று சொல்ல முடியாத கை அது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகளின் வாயைச் சுற்றிக் கஞ்சி காய்ந்த மாதிரி தோல் இறுகிப் பழுப்பாக இருந்தது. முகவாயில் வெங்காயச் சருகு போலத் துண்டுகள் தூக்கிக்கொண்டு நின்றன. டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பஞ்சாங்கம்தான் குறுக்கே வந்துவிட்டது.

மனைவி பியூட்டி பார்லருக்குப் போன் செய்தாள். பவுண்டேஷன் போட்டால் கடவுளுக்கே தெரியாது என்றார்கள். டாக்டருக்குப் போன் செய்தேன். போட்டால் கல்யாணத்துக்கும் அதே பவுண்டேஷன் தேவைப்படும் என்றார்.

"அவர்கிட்ட நான் சொல்லிடறேம்ப்பா. ரெண்டு வரி மெசேஜ்" என்று மகள் பையனுக்கு அனுப்பப் போனைக் கையில் எடுத்தாள்.

"வேணாம்மா. பொண்ணுக்குத் தோல் வியாதி, மறைச்சுக் கட்டி வைக்கப் பாக்குறாங்கன்னு எவனாவது ஒருத்தன் கெளப்பிவிட்டா?"

"அப்ப வீடியோ கால் வந்தா?"

"எடுக்காத."

எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வெள்ளி இரவு ஸ்ரீரங்கத்திலிருந்து என் போனுக்கு இரண்டு அழைப்பு. சனிக்கிழமை காலையில் இன்னும் இரண்டு. காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போடலாமா? ஆடி முழுக்கக் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர்கள் மனம் எப்படி இருக்குமோ? உண்மையைச் சொல்லலாமா? பதிலை முடிவு செய்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்து நினைத்தே போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் மகள் நின்றிருந்தாள். முகவாயில் தொங்கிய தோலை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"கைய எடு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இத எடுத்துட்டா நாளைக்கு நல்லாருக்கும்ப்பா."

"எடுத்தா நாளைக்கு நல்லாருக்கும். நாளன்னைக்குக் கறுத்துப்போயிடும். எதுக்கு இவ்வளவும் பண்ணோம்?"

அவள் கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "தோலு உரியறது எனக்குப் பெரிசா தெரியலப்பா. அவர் எட்டு தடவ கூப்பிட்டுட்டாரு. ஏன் பேச மாட்டேங்கறேன்னு மெசேஜ்ல கேக்குறாரு. நான் என்ன தப்பு பண்ணேன், ஒளிஞ்சுக்க?"

மாலை காபி குடித்துவிட்டு நானே ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காபி ஆறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. பையனின் அம்மா தனியாக இறங்கினார். கையில் பூவோ பழமோ இல்லை. செருப்பைக் கழற்றியபோதே மூச்சு வாங்கியது.

"வாங்க சம்பந்தியம்மா" என்றேன்.

"சம்பந்தின்னு கூப்பிடலாமா வேண்டாமான்னு கேக்கத்தாங்க வந்தேன்." அவர் உட்காரவில்லை. "நீங்க போன எடுக்கல. பொண்ணும் எடுக்கல. அவசரப்படுத்திட்டோமா? இல்ல, பொண்ணுக்கே இஷ்டம் இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நாளைக்கு இருவது பேரக் கூட்டிக்கிட்டு வந்து நிக்க முடியாது."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் மகளே அறையிலிருந்து வந்துவிட்டாள். முகம் முழுக்க வாஸ்லின் தடவிய பளபளப்பு, வாயோரம் சருகு சருகாகத் தோல்.

"இஷ்டம் இருக்குங்க அத்தை. பழைய பருத் தழும்புக்கு முகத்துல பீல் பண்ணிருக்கேன். இப்படித்தான் ஒரு வாரம் உரியும். சந்தனம் பூசக் கூடாது. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்பா போன எடுக்கல."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மகளின் முகவாயருகே குனிந்து பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார், அதை நான் கவனித்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுக்கா சம்பந்தி? ஏன்மா, சந்தனத்தக் கையில பூசினா ஒட்டாதா? நாளைக்கு எவ கன்னத்துக்கிட்ட கையக் கொண்டாந்தாலும் நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல அந்தப் பையனுக்கு வீடியோ கால் போட்டு இந்த மூஞ்சிய இப்படியே காட்டு. நேத்து ராத்திரிலேர்ந்து சோறு எறங்காம விட்டத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."