விரல் படிக்கும் போத்தல்

“நீ எழுதி ஒட்டிட்டா, தோட்டத்து ஆளு படிச்சுப் பாத்துட்டுத்தான் சட்டியில ஊத்துவானாக்கும்?” என்று அத்தா சிரித்தார்.

காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் மளிகைக் கடை. சமையலுக்கான கிச்சாப், அதாவது சோயாச் சாறு, வரும் போத்தல்களிலேயே களைக்கொல்லியையும் ஊற்றி விற்றோம். விஷம் என்று எழுதி ஒட்ட வேண்டும் என அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தமிழிலும் மலாயிலும் அழகாக எழுதி ஒட்டினேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி ஒல்லியானவர். அவருடைய வெள்ளைக் கோட்டின் கைகள் குட்டையாக இருந்தன. என் எழுத்தைப் படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிச்சாப் போத்தலையும் விஷப் போத்தலையும் மாறி மாறித் தடவினார்.

“சட்டப்படி ஒட்டியிருக்கேனே ஐயா?” என்றேன்.

“சட்டத்துக்கு இது போதும், தங்கச்சி. குசினி இருட்டுல சமைக்கிற கை எதைப் படிக்கும்?”

அத்தா கொடுத்த தேநீரைத் தொடாமலே அவர் போய்விட்டார். யாரை நினைத்துக் கண்ணை மூடினார் என்று இன்றும் தெரியவில்லை.

அன்றே விஷப் போத்தல்களின் கழுத்தில் முரட்டுக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அத்தா ஒன்றைத் தடவிப் பார்த்தார், சிரிக்கவில்லை. பக்கத்து ஊரான கிளேபாங்கில் இதேபோல் களைக்கொல்லி விற்ற கடைக்காரருக்கும் ஒரு கட்டுக் கயிறு அனுப்பிவிட்டேன்.