மூன்று வரிக் கடிதம்

மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. இன்னார் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார், சம்பளம் இவ்வளவு. மூன்று வரி போதும். அந்த மூன்று வரிக்கு நான் பட்ட பாடு!

நான் வேலை செய்தது ரொறன்ரோவில் சுவெற்றர் பின்னும் ஒரு சிறிய ஆலையில். முதலாளி ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய ஊரில் ஆற்றங்கரை நெடுகக் கம்பளி ஆலைகளாம், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்தாம். எந்த ஆலையை எந்த மருமகன் விற்றுத் தின்றான் என்பதுவரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். எனக்கு எழும்பக் கூச்சம்.

தொழிலாளிக்குக் கொடுக்கும் கடிதத்தை முதலாளியே கையால் எழுத வேண்டும் என்பது அவர் தகப்பன் காலத்து வழக்கம். தட்டச்சு செய்ய மனைவி இருந்தும் விடமாட்டார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், எழுதி ஐந்து பக்கம் தந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

பார்க்டேல் பகுதியில் என்னோடு அறையில் இருந்த மதுரைக்காரர், பொறியியல் மாணவர், வாசித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தார்.

"அண்ணே, தாத்தா ஆலை கட்டுறாரு, வெள்ளத்துல போயிருது, திரும்பக் கட்டுறாரு. அப்பா சாயப்பட்டறை வைக்கிறாரு. அஞ்சு பக்கமும் இதேதான்."

"நான் எங்கை?"

"நீங்க இன்னும் பொறக்கவே இல்லண்ணே."

அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். அவருக்கு ஆச்சரியம். "நாங்கள் யார் என்று தெரியாமல், உன்னைப் பற்றி நாங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?" என்றார். எங்கள் ஊரிலும் முதலில் எந்த வீட்டுப் பிள்ளை என்றுதானே கேட்பார்கள்? அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "சேர், உங்கள் பாட்டனார் இறந்துவிட்டார். என் மனைவி உயிரோடு இருக்கிறாள்."

அவர் மனைவி மூன்று வரியைத் தட்டி அவர் முன்னால் வைத்தார். "கையெழுத்துப் போடுங்கள். வாயைத் திறக்க வேண்டாம்."

போட்டார். போட்டுவிட்டு, ஐந்து பக்கத்தையும் அதன் பின்னால் குண்டூசியால் குத்தித் தந்தார். பஸ் தரிப்பில் நின்று அந்த ஊசியைக் கழற்றினேன். குடிவரவு அலுவலகப் பெண் மூன்று வரியையும் அரை நிமிடத்தில் வாசித்து முத்திரை குத்தினார்.

மனைவி ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தாள். அந்த ஐந்து பக்கம் இல்லாவிட்டால் மூன்று கிழமை முந்தியே வந்திருப்பாள்.