பந்தை எடுக்கப் போன சாந்தி

கடைக்குச் சரக்கு வந்திறங்கிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து பியதாச ஐயா பேசினார். அவர் சிங்களவர், ஆனால் என்னிடம் எப்போதும் மனைவியிடம் கற்ற தோட்டத்துத் தமிழில்தான் பேசுவார். "நம்ம சாந்தி போயிருச்சும்மா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, பஸ் ஏத்துறதுக்குள்ள போயிருச்சு" என்றார். கையிலிருந்த துணிக்கட்டைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து மூன்று சாகிற வயதா?

இலங்கை மகளிர் உதைபந்தாட்ட அணியின் பின்களத்தில் ஆடியவர் சாந்தி குமாரி. அவருக்குப் பின்னால், கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவள் நான். 'அவர்' என்று நான் எழுதுவதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரிக்கட்டும், மரியாதை மரியாதைதான்.

அவருடைய அம்மா லெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அப்பாதான் பியதாச ஐயா, வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போகும் லொறிச் சாரதி. தோட்டத்தில் சாந்தியைச் சிங்களத்தான் மகள் என்பார்கள், தேசிய அணியின் கொழும்பு விடுதியில் தமிழ்ப் பிள்ளை என்பார்கள். எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற ஆள் நான். "உண்மையில நீ யாருடி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "எங்கம்மாவும் அப்பாவும் அதுக்குச் சண்டை போட்டதே இல்லக்கா, நான் எதுக்குப் போடணும்?" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளைப் பெண்கள் அணியில் அவர் சேர்ந்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. ஆபத்து என்றால் பின்களத்தில் நிற்பவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிட வேண்டும். சாந்தி அடிக்க மாட்டார். கோலுக்கு முன்னாலேயே பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வளைந்து திரும்புவார். எனக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடும்.

காரணம் கேட்டால் மழுப்புவார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோட்டத்துக்கே போனேன். மலையை வெட்டி எடுத்த சின்ன மைதானம் அது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் செங்குத்தாகத் தேயிலை, அதற்கும் கீழே ஓடை. யார் வெளியே அடித்தாலும் அவரேதான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏறி வருவதற்குள் இருட்டிவிடும், ஆட்டமும் முடிந்துவிடும்.

"அட்டைக்கடி தாங்காமத்தான் பந்தை வெளிய விடாம ஆடப் பழகினேன்" என்றார்.

"பதுளை மைதானத்துல பள்ளம் இல்லையேடி?"

"மண்டைக்குத் தெரியுதுக்கா, காலுக்குத் தெரியலையே."

தேசிய அணிப் பயிற்றுவிப்பாளருக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. வெளியே அடிக்கப் பழகு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்றுவிட்டார். அடுத்து வெளிநாட்டில் ஒரு போட்டி. இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது சாந்தி பந்தை ஓங்கி வெளியே அடித்தார். நான் கை தட்டினேன். தட்டிய கை சேர்வதற்குள் அவர் அந்தப் பந்தை எடுக்க ஓடிவிட்டார்! விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார். எதிரணியினர் வேறொரு பந்தை வாங்கி உள்ளே எறிந்து, அவர் நிற்க வேண்டிய இடத்தின் வழியாகவே வந்து கோல் போட்டார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுப்போனோம். அடுத்த அணியில் சாந்தியின் பெயர் இல்லை.

"எதுக்குடி ஓடுன?" என்று கேட்டேன்.

"நான்தானேக்கா அடிச்சேன், நான்தானே எடுக்கணும்?"

அன்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இனி அணியில் இடமே கிடைக்காது என்று அவர் பயந்துபோயிருந்தார். பதுளையில் மாலைதோறும் பயிற்சி தொடங்கினோம். அவர் பந்தை வெளியே அடிப்பார், நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்வேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். சட்டை கிழிந்தால் எங்கள் கடைத் துணியில் ஒட்டுப்போடுவேன். மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில் சொல்லாமல் கையை விட்டேன். அவர் அடித்தார், கால் ஓரடி முன்னே போனது, ஆனால் நின்றார். அடுத்த தெரிவிலேயே அணிக்குத் திரும்பினார். பிறகு அவராக விலகும்வரை அந்த இடத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை.

நேற்று தோட்டத்து லயன் வீட்டு வாசலில் பிக்குவின் பிரித் ஓதல் முடிந்ததும் சாந்தியின் அம்மா வீட்டார் தேவாரம் பாடினார்கள். லெட்சுமியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எம் மக நல்லா வெளையாடுவாளா? ஒருநாள் வேலைய விட்டா ஆகாதுன்னு நான் போனதே இல்லம்மா, ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

"அவ முன்னாடி நின்னா எனக்கு வேலையே இருக்காதும்மா" என்றேன்.

அவர் அடுத்து வந்தவரிடம், "எம் மக நின்னா கோல் புடிக்கிற புள்ளைக்கு வேலையே இல்லையாம்" என்றார். அதற்கடுத்து வந்த பியதாச ஐயாவின் தங்கையிடம் அதையே சிங்களத்தில் சொன்னார். நான் படியிறங்கும்போதும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன். போய் வருகிறேன், சாந்தி.