ரசலையனும் ரஷ்யாக்காரியும்

அருமனையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ரசலையன், எவன் ஷீட் கொண்டுவந்தாலும் வெயிலுக்கு நேரே பிடித்துத் துருவித் துருவிப் பார்ப்பார். சொந்தத் தம்பி கொண்டுவந்தாலும் அதே பார்வைதான். அப்படியொரு சந்தேகப் பிராணி.

மகள் ஜெப்சிக்குத் தரகர் கொண்டுவந்த வரன் லிஜோ, துபாயில் வேலை. குணம், குடி, குடும்பம் எல்லாம் விசாரித்து, "நான் கிண்டிக் கிளறிப் பிடிச்ச மாப்பிளயாக்கும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார் ரசலையன். சர்ச்சில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிப்பிலும் யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி.

அந்த வாரம் பார்த்து எவனோ இந்த மனுஷனுக்கு இன்ஸ்டாகிராமைக் காட்டிக்கொடுத்துவிட்டான். போதாதா! நேரே லிஜோவின் பக்கத்துக்குள் நுழைந்தார். அங்கே அவன் பின்தொடரும் ஆட்களில் ஒரு ரஷ்யாக்காரி. அவள் சிரித்தால் லிஜோ ஹார்ட் விடுகிறான், காப்பி குடித்தால் ஹார்ட் விடுகிறான். ஒரு படத்தில் அவள் முன்னால் செஸ் பலகை இருந்தது. இரண்டு பேரும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். பத்து லட்சம் பேர் அவளைப் பின்தொடர்வதும் கண்ணில் பட்டது. "அடிப்பாவி, இத்தன பேரயுமா ஏமாத்துகா!"

எனக்க பிள்ளைக்க வாழ்க்கை போச்சே என்று நெஞ்சு பதறியது. மனைவி நேசபாயிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் மூடி மறைத்துவிடுவாள் என்று அதிலும் ஒரு சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஓலை வாசித்து, "தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்றதும் ரசலையன் எழுந்தார். பெண்ணைப் பெற்றவனே எழுந்தால்? சர்ச்சே திரும்பிப் பார்த்தது.

"தடை உண்டு ஐயரே. பையனுக்கு அங்க ஒரு ரஷ்யாக்காரி உண்டு. இன்னா, போட்டோ!" என்று போனை நீட்டினார்.

போதகர் போனை வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு! "ரசலையா, இவங்க செஸ் கிராண்ட்மாஸ்டர். உலகமே இவங்க ஆட்டத்தப் பாக்குது. நானும்தான் பாக்கேன்."

ரசலையனா விடுவார்? "ஆட்டத்தப் பாக்கட்டும். ஹார்ட் எதுக்கு விடணும்?"

ஜெப்சி எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர். "எனக்கும் அவங்கள பிடிக்கும்ப்பா! அவங்க லைவ் ஆட்டத்துக்குக் கீழ கமெண்ட்ல பேசிப் பழகித்தான் எனக்கும் லிஜோவுக்கும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப்போச்சு. அந்தத் தரகர வீட்டுக்கு அனுப்பினதே நாங்கதான்!"

ரசலையன் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"தடை உண்டுமா?" என்றார் போதகர் மெதுவாக.

"இல்ல ஐயரே."

வெளியே வந்ததும் நேசபாயைப் பார்த்தார். அவள் முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை.

"உனக்கு முன்னயே தெரியுமா பிள்ளே?"

"தெரியும். உங்க தம்பிக்கும் தெரியும்."

"பின்ன எனக்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தரும் பறயல்ல?"

"பிள்ள ஆசப்பட்ட பையன்னு பறஞ்சிருந்தா, அவன நம்ம வீட்டு நடைல ஏத்தியிருப்பீங்களா?"